பனங்காளிக்குப் பின் உருண்டை

பிப்ரவரி 10, திங்கள்

உறுதியான செய்தி: இந்தப் பருவத்தில் உருண்டை மஞ்சளும் கிடங்குக்கு வருகிறது. சொன்னவர் எங்கள் நிறுவனத் தலைவர் செங்கோட்டுவேல், தொலைபேசியில். பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது, ஆகவே வயலிலிருந்து பேசியிருக்கிறார். இதுவரை உருண்டை முழுவதையும் களத்திலேயே அள்ளிக்கொண்டிருந்த அரவை ஆலை, இந்த ஆண்டு வாங்கப் போவதில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அந்தக் கடிதத்தை நானும் பார்த்தேன்.

இருபத்தாறு ஆண்டுகள் சந்தை நிருபராக இருந்துவிட்டு, போன தீபாவளிக்குப் பிறகு இந்த அலுவலகத்துக்கு வந்தேன். கொல்லிச்சாரல் மஞ்சள் உற்பத்தியாளர் நிறுவனம். ராசிபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இரண்டு அறைகள். எங்கள் மென்பொருளாளர் ரேணுப்ரியா எழுதும் கணினி நிரலை, உறுப்பினர்களான விவசாயிகளுக்குப் புரியும் தமிழில் எழுதித் தருவது என் வேலை. அவ்வளவுதான். நான் யார் பக்கமும் இல்லை.

கிடங்கில் இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பிளாக்செயின் என்னும் கணினிப் பொதுப் பதிவேட்டில் ஒரு டோக்கன், அதாவது உரிமைச் சீட்டு. விவசாயி விலை வரும்வரை மூட்டையைக் கிடங்கிலேயே வைத்திருக்கலாம். விற்கும்போது டோக்கன் கைமாறும், மூட்டை அசையாது. யார் யாருக்கு எதை மாற்றலாம் என்ற விதிகள் எல்லாம் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் எனப்படும் ஒப்பந்தத்தில் இருக்கின்றன. ரேணு எழுதியது. அதற்கு இரண்டு மஞ்சள் ரகம்தான் தெரியும்: விரலி, பனங்காளி. மூன்றாவதைச் சேர்க்க வேண்டும்.

பொதுக்குழு மார்ச் 9. அதற்குள் மாற்றம் தயாராகி, சரியாக ஓடிக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மும்பை நிறுவனம் ஒன்றின் ஆயத்த மென்பொருளுக்கு மாறுவது என்று இயக்குநர்கள் தீர்மானம் எழுதி வைத்துவிட்டார்கள். அதில் எல்லா அதிகாரமும் மும்பையில் இருக்கும். பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து ரேணு மூன்று வருடமாகக் கட்டியது அதோடு முடியும்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். மாடிக் குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை.

பிப்ரவரி 12, புதன்

கையேட்டுக்காக ரேணு இன்று விளக்கியது:

பிளாக்செயினில் ஏற்றிய ஒப்பந்தத்தை அழித்து எழுத முடியாது. அச்சாகிப் போன பேப்பர் மாதிரி. அதனால் முதல் நாளே அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறாள். வாசலில் ஒன்று. முகவரி அதற்குத்தான். உறுப்பினர்களின் போனிலும் ஒவ்வொரு மூட்டையின் சீட்டிலும் இருப்பது அந்த முகவரி. யார் பெயரில் எத்தனை மூட்டை என்ற விவரமும் வாசலிலேயே ஓர் அலமாரியில் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பது இன்னொன்று, குமாஸ்தா. விதிகள் அவனுக்குத்தான் தெரியும். விதி மாற வேண்டுமென்றால் புது குமாஸ்தாவை எழுதி ஏற்றிவிட்டு, "இனிமேல் இவனைக் கேள்" என்று வாசலிடம் சொன்னால் போதும். முகவரி மாறாது. அலமாரியும் மாறாது. ஆள் மட்டும் மாறுவான்.

"பழைய குமாஸ்தா என்ன ஆவான்?" என்று கேட்டேன்.

"அங்கயேதான் இருப்பான்க்கா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ரிட்டையர் ஆன ரிப்போர்ட்டர் மாதிரி."

"நான் சொல்லலைங்க. நீங்களா சொல்லிக்கிட்டீங்க."

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். புது குமாஸ்தாவின் வரிகளில் ரகங்கள் இருந்தன: விரலி, பனங்காளி, உருண்டை. எனக்குக் கை துறுதுறுத்தது. இந்தச் சந்தையில் யாரை எழுப்பிக் கேட்டாலும் விரலி, உருண்டை, பனங்காளி என்றுதான் சொல்வார்கள். ஏலம் கூறுவதும் அப்படித்தான், ரேடியோவில் விலை வாசிப்பதும் அப்படித்தான். செய்தியில் ஒரே ஒரு முறை மாற்றிப் போட்டேன். காலை ஏழு மணிக்குள் நாலு போன் வந்தது.

"உருண்டையைக் கடைசில போட்டா சனம் சிரிக்கும் கண்ணு" என்றேன்.

"அட ஆமாங்க்கா. எங்கப்பாவே சிரிப்பாரு" என்று சொல்லி, அந்த வரியை மேலே தூக்கி நடுவில் வைத்தாள். ஒரு நொடி வேலை.

நிரலில் கைவைப்பது என் வேலை இல்லை. இருந்தாலும் திருப்தியாக இருந்தது.

பிப்ரவரி 14, வெள்ளி

ரேணுவின் சோதனைகள் எல்லாம் தேறிப் பச்சை காட்டிவிட்டன. தகவல்: ரேணு. பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி வந்தாள். வீட்டு மிக்சி பழுது, பழுது பார்க்கும் கடைக்காரர் 26, புதன்கிழமை வரச் சொன்னார்.

பிப்ரவரி 17, திங்கள்

அத்தாயம்மாள் வந்திருந்தார். மெட்டாலா பக்கம் மஞ்சள் போடுகிறவர், வயது ஐம்பது இருக்கும். கிடங்கில் பனங்காளி அதிகம் வைத்திருக்கும் உறுப்பினர்களில் ஒருவர். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசற்படியில் நின்றபடியே ஆரம்பித்தார்.

"ஏன் கண்ணு, மொதல்ல எங்ககிட்ட என்னன்னு சொன்ன? 'பெரமனே வந்தாலும் இதை மாத்த முடியாது'ன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேங்க்கா."

"இப்ப மாத்தறேங்கற. அப்ப மாத்த முடியாதுங்கறது பொய். இல்லீன்னா மாத்தறேங்கறது பொய். ரெண்டுல எதுன்னு சொல்லிப்போடு, நான் பஸ்ஸைப் புடிக்கோணும்."

ரேணு சிரிக்க முயன்றாள், முடியவில்லை. இது நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. மூன்று மாதமாக இங்கே உட்கார்ந்திருக்கிறேன், கேட்கவில்லை.

தலைவர் உள்ளறையிலிருந்து எழுந்து வந்தார். "ஏனுங் அத்தாயா, மாத்தற சாவி என்ற கையில இருக்குது. என்ற கையைத் தாண்டி எதாச்சும் நடக்குமா? நிம்மதியாப் போயித் தூங்குங்க."

"உங்க கையில இருக்கறதுதானுங்க எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

செங்கோட்டுவேல் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

ரேணு அப்போது சொன்னதைக் குறித்துக்கொண்டேன். மாற்றும் அதிகாரத்துக்கு இப்போது ஒரே சாவி. அது ஐந்தாக வேண்டும், ஐந்து பேரிடம். எதை மாற்றவும் ஐந்தில் மூன்று சாவிகள் சேர வேண்டும். சேர்ந்தாலும் மாற்றம் உடனே நடக்காது, இரண்டு நாள் அறிவிப்பில் கிடக்கும். பிடிக்காதவர்கள் அந்த இரண்டு நாளில் தங்கள் மூட்டையை வெளியே எடுத்துக்கொண்டு போகலாம்.

"மாத்த முடியாதுன்னு நான் சொன்னது தப்புங்க்கா" என்றாள் ரேணு. "யாருக்கும் தெரியாம மாத்த முடியாதுன்னு சொல்லியிருக்கோணும்."

அத்தாயம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த பஸ் போய்விட்டது.

பிப்ரவரி 20, வியாழன்

தலைவர் ஐந்து சாவிக்கு ஒப்புக்கொண்டார். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி இல்லை. ஒன்று அவரிடம், ஒன்று ரேணுவிடம், ஒன்று கிடங்குக் கண்காணிப்பாளர் சாதிக் பாஷாவிடம். நான்காவது அத்தாயம்மாளுக்கு என்றார்கள். "பேரை ஒட்டவெச்சு என்ற வாயை அடைக்கப் பாக்கறீங்களா?" என்று மறுத்துவிட்டார்.

ஐந்தாவதற்கு என்னைக் கேட்டார்கள். சந்தையில் எல்லாரும் நம்புகிற ஆள், எந்தக் கோஷ்டியிலும் இல்லாதவர் என்றார் தலைவர். மறுத்தேன். இருபத்தாறு ஆண்டில் நிருபர் சங்கத்தில்கூட நான் உறுப்பினராகவில்லை. ஒன்றில் சேர்ந்துவிட்டால் அதைப் பற்றி எழுத முடியாது.

"இப்பத்தான் எழுதறதில்லீங்களே" என்றார் சாதிக் பாஷா.

பேச்சை மாற்றி, சாவியைக் காட்டச் சொன்னேன்.

சாவி என்பது பென் டிரைவ் அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி. கையில் வாங்கிப் பார்த்தேன். எடையே இல்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஏல நாள். கையேட்டுக்குப் படம் தேவைப்பட்டது. ரேணுவின் சோதனைப் படங்களில் "உறுப்பினர் 1, உறுப்பினர் 2" என்று பொய்ப் பெயர்கள் இருந்தன. பொய்ப் பெயரோடு படம் போட எனக்கு மனம் வரவில்லை. நிஜக் கணக்கு ஒன்றில் புது குமாஸ்தாவை உட்காரவைத்துக் காட்டு என்றேன். இன்றைய நிஜ அலமாரியை அப்படியே நகலெடுத்து, நகலில் மட்டும் மாற்றம் செய்து காட்டலாம் என்றாள். யாருக்கும் பாதிப்பு இல்லை.

ஏலம் முடிந்து அத்தாயம்மாள் மோர் குடிக்க மாடிக்கு வந்திருந்தார். "என்ற கணக்கையே போடு. ஒளிக்க ஒண்ணுமில்லை" என்றார்.

மாற்றத்துக்கு முன்: விரலி 18, பனங்காளி 62. சரி என்று தலையாட்டினார்.

மாற்றத்துக்குப் பின்: விரலி 18, உருண்டை 62, பனங்காளி 0.

கீழே பேக்கரியில் பிளேட் விழுந்த சத்தம் கேட்டது.

"என்ற பனங்காளி எங்க?" என்றார் அத்தாயம்மாள்.

ரேணு திரையை மறுபடி ஓடவிட்டாள். அதே எண்கள்.

"நான் ஒரு உருண்டைகூட இன்னும் கொண்டாந்து எறக்கலை. அறுபத்திரண்டு மூட்டை உருண்டைங்குது. என்ற பனங்காளி எங்கடி?"

அவர் "கண்ணு" என்று சொல்லாதது இதுதான் முதல் தடவை. கிளம்பும்போது சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின என்று பிப்ரவரி 14 அன்று எழுதியிருக்கிறேன். அது உண்மைதான். ஆனால் சோதனைகள் ஒவ்வொன்றும் காலி அலமாரியில் தொடங்கியவை. காலி அலமாரியில் எதுவும் தவறாகத் தெரியாது.

பிப்ரவரி 26, புதன்

ரேணு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு அவள் சொல்லும் முன்பே புரிந்துவிட்டது என்று எழுதினால் சரியாக இருக்காது. பாதி சொல்லும்போது புரிந்தது.

வாசலில் உள்ள அலமாரியின் அறைகளுக்குப் பெயர் கிடையாது. முதல் அறை, இரண்டாம் அறை, மூன்றாம் அறை, அவ்வளவுதான். எந்த அறையில் என்ன என்பதைக் குமாஸ்தா தன் வரிசையை வைத்துத்தான் அறிகிறான். பழைய குமாஸ்தாவுக்கு முதல் அறை விரலி, இரண்டாம் அறை பனங்காளி, மூன்றாம் அறையில் மாற்றும் அதிகாரம் யாருக்கு என்ற விவரம். புது குமாஸ்தாவின் வரிசையில் நடுவே உருண்டை வந்துவிட்டது. அதனால் அவன் இரண்டாம் அறையைத் திறந்து, அங்கிருந்த பனங்காளியை உருண்டை என்று வாசித்தான்; பனங்காளியை மூன்றாம் அறையில் தேடி, அங்கே மூட்டைக் கணக்கு இல்லாததால் 0 என்றான்.

"அது பரவால்லைங்க்கா" என்றாள். குரல் தட்டையாக இருந்தது. "அதிகாரம் இருக்கறது மூணாவது அறை. இவன் நாலாவதுல போயித் தேடறான். அங்க ஒண்ணுமில்லை. அஞ்சு சாவியும் சேந்து வந்தாலும் 'நீங்க யாரு'ன்னு கேப்பான். நெஜத்துல ஏத்தியிருந்தா திருப்பி மாத்த ஒருத்தராலயும் முடிஞ்சிருக்காது."

"உருண்டையை நடுவில வைக்கச் சொன்னது நான்" என்றேன்.

"தெரியுங்க்கா."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நேத்து ரெண்டாந் தடவை ஓட்டினப்பவே. சொன்னது நீங்க, எழுதினது நான். எங்கூருல எவ எழுதியிருந்தாலும் நடுவுலதான் வெச்சிருப்பா. வெளியூர்க்காரன் எழுதியிருந்தா கடைசில வெச்சுட்டுப் போயிருப்பான். அவனுக்குத் தப்பே நடந்திருக்காது." அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிறைய சிரித்தாள். நானும்.

பிறகு அந்த வரியைப் பனங்காளிக்குக் கீழே, அதிகாரத்துக்கும் கீழே, கடைசியில் கொண்டுபோய் வைத்தாள். முன்பே வந்தவர்கள் அவரவர் இடத்தில் இருப்பார்கள், புதிதாக வருகிறவர் கடைசியில். உள்ளே, வந்த வரிசை. உறுப்பினரின் போனில் மட்டும் சந்தை வரிசை.

மிக்சி சரியாகிவிட்டது. வாங்கி வர மறந்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

நிஜ அலமாரியின் நகலில் எல்லா உறுப்பினர்களின் கணக்கையும் புது குமாஸ்தாவைக் கொண்டு வாசிக்கச் செய்தாள். ஒரு மூட்டைகூட இடம் மாறவில்லை. நானும் கூட உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். கையேட்டுக்கு இது தேவையில்லைதான்.

மார்ச் 4, செவ்வாய்

ஏலக் களத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அத்தாயம்மாள் யாரிடமும் ஒளிக்கவில்லை. "பனங்காளி போச்சா?" என்று டீக்கடையில் என்னைப் பார்த்து ஒருவர் கேட்டார். இன்னொருவர் "உருண்டையாத் திரும்பி வருமாமா" என்றார். மும்பை நிறுவனத்தின் பிரதிநிதி களத்தில் ஒவ்வொருவருக்கும் நிறுவனப் பெயர் போட்ட பை கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று பேர் கையில் பார்த்தேன், பிறகு எண்ணுவதை விட்டேன்.

தலைவர் மாடிக்கு வரும்போதே கொதித்துக்கொண்டு வந்தார்.

"ஊரே சிரிக்குது. ரேணு, பொதுக்குழுல இதைப் பத்திப் பேச்சே எடுக்கக் கூடாது. சரியான படத்தை மட்டும் போட்டுக் காட்டு, முடிஞ்சுது."

"தப்பாப் போனதையும் காட்டோணுங்க."

"எதுக்கு? என்ற மூஞ்சில நீயே சாணி அடிக்கவா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "ரிப்போர்ட்டரம்மா, நீங்க சொல்லுங்க. உங்க பேப்பர்ல தப்பு வந்தா திருத்தத்தை எங்க போடுவீங்க?"

"ஏழாம் பக்கம். கீழ் மூலையில. சின்ன எழுத்து."

"பாத்தியா! அதே மாதிரி போடுங்கறேன்."

"அப்படிப் போட்டதாலதான் ஒருத்தரும் படிக்கலைங்க. தப்பு முதல் பக்கத்தில வந்திருக்கும். ஊருக்குத் தப்பு மட்டும்தான் தெரியும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தார். "அப்ப எந்தப் பக்கத்துல போடலாங்கறீங்க?"

இந்தக் கேள்விக்குக் கருத்துச் சொல்வது என் வேலைக்குள் வராது. ஒரு முழுத் தாள் எடுத்து, தடித்த பேனாவால் எழுதினேன்:

"திருத்தம். பிப்ரவரி 12 அன்று இந்த அலுவலகத்தில் புது ஒப்பந்தத்தில் உருண்டையின் இடம் தவறாக எழுதப்பட்டது. எழுதியவர் ரேணுப்ரியா. எழுதச் சொன்னவர் கோகிலவாணி. 25 அன்று நகலில் ஓட்டியபோது தவறு தெரிந்தது. கண்டவர் அத்தாயம்மாள். யாருடைய மூட்டையும் பாதிக்கப்படவில்லை. தவறியதும் திருந்தியதும் மார்ச் 9 பொதுக்குழுவில் எல்லார் முன்னும் ஓட்டிக் காட்டப்படும்."

தலைவர் இரண்டு முறை படித்தார். "'பாதிக்கப்படவில்லை'ங்கறதைப் பெருசா எழுதுங்" என்றார். பிறகு அவரே ஏலக் களத்தின் அறிவிப்புப் பலகைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

மார்ச் 6, வியாழன்

பலகை முன்னால் எந்நேரமும் ஆள். சாதிக் பாஷா தகவல்.

மார்ச் 9, ஞாயிறு

பொதுக்குழு. திருமண மண்டபம் நிறைந்து, வெளியே வேப்ப மரத்தடியிலும் ஆட்கள் நின்றார்கள். பின்வரிசையில் உட்கார்ந்தேன், நிருபர்கள் உட்காரும் இடம்.

முதலில் மும்பைக்காரர் பேசினார். நல்ல படங்கள், நல்ல இசை. பேசியதைச் சேலத்திலிருந்து வந்த ஒருவர் தமிழில் சொன்னார்.

ரேணு மேடைக்கு வந்தபோது யாரும் கை தட்டவில்லை. அவள் முன்னுரை எதுவும் சொல்லவில்லை. "மொதல்ல தப்பாப் போனதைப் பாருங்க" என்று அத்தாயம்மாளின் கணக்கைத் திரையில் போட்டாள். அவர் சம்மதம் முன்பே வாங்கியிருந்தாள். உருண்டை 62, பனங்காளி 0 என்று வந்ததும் மண்டபம் "ஐயோ" என்றது. முன்வரிசையில் ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தேவிட்டார்.

எங்கே தவறியது என்று சொன்னாள். அறைகளுக்குப் பெயர் இல்லை, வரிசைதான் உண்டு என்றாள். "உருண்டையை நான் நடுவுல வெச்சேன்."

"பின்ன எங்க வெப்பாங்க?" என்று யாரோ கத்தினார்கள். "நடுவுலதான வெக்கோணும்!"

அரங்கம் சிரித்தது. ரேணுவும் சிரித்தாள். "நானும் அப்படித்தாங்க நெனச்சேன்."

அதன் பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டார்கள். உருண்டையைக் கடைசிக்குக் கொண்டுபோன புது ஒப்பந்தத்தை ஓட்டிக் காட்டினாள்: பனங்காளி 62, அதன் இடத்தில். யார் வேண்டுமானாலும் தங்கள் கணக்கைச் சொல்லுங்கள், போட்டுக் காட்டுகிறேன் என்றாள். பெயர்கள் கூவக் கூவப் போட்டாள். பதினாறாவது பெயருக்குப் பிறகு கூவுவது நின்றது.

ஓட்டெடுப்புக்கு முன் அத்தாயம்மாள் எழுந்தார். ஒலிபெருக்கியை வாங்கவில்லை. அவருக்குத் தேவையில்லை.

"மும்பைக்காரருக்கு ஒரு கேள்விங்க. இந்தப் புள்ளை தப்புப் பண்ணுச்சு, பலகைல ஒட்டிருச்சு. நீங்க தப்புப் பண்ணுனா எங்க ஒட்டுவீங்க?"

கேள்வி மொழிபெயர்க்கப்பட்டது. அவர் புன்னகையோடு பதில் சொன்னார். மொழிபெயர்ப்பவர் சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அவங்க நிறுவனத்துல தப்பு நடக்கறதில்லைங்களாம்."

முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு ஒரு வரிசை. பிறகு மண்டபம் முழுவதும், வேப்ப மரத்தடி வரை. மஞ்சள் போடுகிறவர்களிடம் போய்த் தப்பே நடக்காது என்று சொல்லியிருக்கிறார். மழை தவறும், விலை தவறும், வேகவைக்கும்போது பதம் தவறும்.

எதிர்த்துக் கை தூக்கியவர்கள் பதினொரு பேர். எண்ணியவர் சாதிக் பாஷா. நானும் எண்ணினேன், சரி. ரேணுவின் ஒப்பந்தம் தொடரும். மாலையில் மூன்று சாவிகள் சேர்ந்து புது குமாஸ்தாவை அறிவிப்பில் வைத்தன. இரண்டு நாள் காத்திருப்பு தொடங்கிவிட்டது. செவ்வாய் மாலை, ஏலம் முடியும் நேரத்தில் நிறைவுறும்.

கைதட்டும் சத்தத்தில் பேனா மூடியைத் தொலைத்துவிட்டேன். இரண்டு கையும் தேவைப்பட்டது.

மார்ச் 10, திங்கள்

யாரும் மூட்டையை வெளியே எடுக்கவில்லை. கிடங்கிலிருந்து சாதிக் பாஷா.

மார்ச் 11, செவ்வாய்

ஏலம் முடிந்ததும் யாரும் கலையவில்லை. எடைமேடைக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு ரேணு மடிக்கணினியை வைத்திருந்தாள். பின்னால் சுவரில் வெள்ளை வேட்டி கட்டித் திரை. மூட்டை தூக்குகிறவர்கள் அடுக்கிவைத்த மூட்டை அட்டிகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள்.

காத்திருப்பு முடிந்த மாற்றத்தை நடப்பாக்கவும் மூன்று சாவிகள். ரேணு முதலில், சாதிக் பாஷா அடுத்து. தலைவர் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றித் துடைத்தார்.

"அமுக்கட்டுமா?"

"அமுக்குங்க."

"ஏனுங் அத்தாயா, அமுக்கலாங்களா?"

"என்னையக் கேட்டு எந்தக் காலத்துல அமுக்குனீங்க? அமுக்குங்."

அமுக்கினார். திரையில் ஒரு சக்கரம் சுற்றியது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

சக்கரம் நின்றது. "முடிஞ்சுதுங்க" என்றாள் ரேணு. அத்தாயம்மாள் தன் போனைத் திறந்தார். விரலி 18, உருண்டை 0, பனங்காளி 62. அதோடு விடவில்லை. இடுப்பிலிருந்து போன வருடத்துப் பழைய மூட்டைச் சீட்டு ஒன்றை எடுத்து, அதில் அச்சான முகவரியின் கடைசி எழுத்துகளை போனில் உள்ளதோடு வைத்துப் பார்த்தார். உதடு அசைய ஒவ்வொன்றாகப் படித்தார்.

"வாசல் அதேதான்" என்றார். "ஆளுதான் மாறிப்போச்சு."

அட்டியின் மேலிருந்து ஒருவர் விசிலடித்தார். பிறகு எல்லா அட்டிகளிலிருந்தும் விசில்.

அத்தாயம்மாள் கையைக் காட்டினார். வெளியே அவருடைய வண்டி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. அதில் இரண்டு மூட்டை உருண்டை. அதைக் காலையிலேயே கொண்டுவந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. மூட்டைகள் எடைமேடையில் ஏறின, கிடங்குக்குள் போயின, சாதிக் பாஷா பதிந்தார். திரையில் எல்லாரும் பார்க்கும்படி வந்தது: விரலி 18, உருண்டை 2, பனங்காளி 62. சந்தை வரிசையில்.

ஏலம் கூறுபவர் தன்னை அறியாமல் அதை உரக்க வாசித்தார், விலை கூறும் அதே குரலில். களம் முழுவதும் கை தட்டியது.

"கண்ணு" என்றார் அத்தாயம்மாள், ரேணுவைப் பார்த்து. அந்தச் சொல் போதும் என்பது போல ரேணு தலையாட்டினாள். அவள் அப்பா கூட்டத்தின் ஓரத்தில் நின்று, பக்கத்திலிருந்தவரிடம், "உள்ள உருண்டை கடைசிலதான் இருக்குது, தெரியுமில்ல? போன்லதான் நடுவுல" என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

என் கண்ணில் மஞ்சள் தூசி. களத்தில் எப்போதும் அப்படித்தான்.

மார்ச் 13, வியாழன்

உறுதியான செய்தி: மும்பை நிறுவனம் தன் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆதாரம் அவர்களுடைய மின்னஞ்சல், தலைவர் காட்டினார். செவ்வாய் முதல் இன்று மாலை வரை நூற்று நாற்பது மூட்டை உருண்டை இறங்கியிருக்கிறது. சொன்னவர் சாதிக் பாஷா.

பக்கத்து மாவட்டத்தின் இரண்டு உற்பத்தியாளர் நிறுவனங்கள் ரேணுவின் ஒப்பந்தத்தைக் கேட்டிருக்கின்றன. கூடவே திருத்த அறிவிப்பின் நகலையும் கேட்டிருக்கின்றன. அதை மேசையில் வைத்துக்கொள்ளவாம். பலகையில் இருந்ததைக் கிழிக்க வந்த பையனைத் தலைவர் திட்டி அனுப்பிவிட்டார். இப்போது அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறது.

நான்காவது சாவியை அத்தாயம்மாள் வாங்கிக்கொண்டார். அவரே வந்து கேட்டார். "இந்தப் புள்ளை அடுத்து என்ன பண்ணுதுன்னு பாக்கறதுக்குத்தான்" என்றார்.

மதியம் ரேணு என் மேசைக்கு வந்து ஐந்தாவது கருவியை வைத்தாள்.

"வேண்டாம்னு முன்னமே சொல்லிட்டேன்."

"தெரியுங்க்கா. ஆனா திருத்தத்துல உங்க பேரை நீங்களேதான் எழுதினீங்க. ஆரும் எழுதச் சொல்லலை."

"அது செய்தி. பேர் இல்லாம செய்தி முழுசாகாது."

"சரிங்க்கா. திங்கக்கெழமை வரைக்கும் இங்க இருக்கட்டும். எனக்கு வெக்க எடமில்லை." அவள் மேசையில் மூன்று இழுப்பறைகள் காலியாக இருக்கின்றன.

அடுத்த மாற்றத்துக்கு இப்போதே பேச்சு. மஞ்சள் பொடியையும் டோக்கனாக்க வேண்டுமாம். ரகங்களின் வரிசையில் அதை எங்கே வைப்பது என்று தலைவர் கேட்டார். நானும் ரேணுவும் ஒரே நேரத்தில் "கடைசில" என்றோம்.

வீடு திரும்பும்போது சரிசெய்த மிக்சியை வாங்கிக்கொண்டேன். அதே தெருவில் பூட்டு வைத்த சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றும் வாங்கினேன். ஏலக்காய், கிராம்பு போட்டு வைக்கலாம். கருவி உள்ளே சரியாகப் பொருந்துகிறதா என்று பார்த்தேன், அளவு தெரிந்துகொள்ளத்தான். பொருந்துகிறது.

நிலுவையில் இருப்பது: ஐந்தாவது சாவி யாரிடம் என்பது. மார்ச் 17, திங்கட்கிழமை நடக்கும் இயக்குநர்கள் கூட்டத்தில் முடிவு எதிர்பார்க்கப்படுகிறது. சம்பந்தப்பட்டவரைக் கேட்டபோது, கருத்துக் கூற மறுத்துவிட்டார்.